கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள் தேடித்தந்த பெயர்

கேள்வி இதுதான்: ஒரு நாட்டின் மென் ஆற்றலில் பண்பாட்டுக்கு உண்மையிலேயே பங்கு உண்டா? பாட்டையும் சினிமாவையும் வைத்துக்கொண்டு ஒரு நாடு வெளியுறவில் எதையாவது சாதிக்க முடியுமா, இல்லை அது சுற்றுலா விளம்பரத்தோடு முடிந்துவிடுமா?

பங்கு உண்டு, பெரிய பங்கு. ஆனால் அது எப்போது வேலை செய்கிறது, எங்கே செய்யாது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தப் பதிலால் பயனில்லை. பழம்பெருமையை எடுத்துச் சொன்னாலே உலகம் நம்மைத் திரும்பிப் பார்த்துவிடும் என்று நம்புகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அப்படி நடந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

மென் ஆற்றல் என்ற கருத்தை 1990-இல் முன்வைத்தவர் ஹார்வர்டு பேராசிரியர் ஜோசப் நை. 2025 மே மாதம் காலமானார். மிரட்டாமல், காசு கொடுக்காமல், மற்றவர்கள் தாமாகவே நம் பக்கம் சாயும்படி செய்கிற திறனைத்தான் அவர் அப்படி அழைத்தார். அதற்கு மூன்று ஊற்றுகள் என்றார்: பண்பாடு, அரசியல் விழுமியங்கள், வெளியுறவுக் கொள்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனையும் வைத்தார். பண்பாடு பிறரைக் கவர்வதாக இருக்க வேண்டும். விழுமியங்களை அந்த நாடு உள்ளேயும் வெளியேயும் கடைப்பிடிக்க வேண்டும். வெளியுறவுக் கொள்கை நியாயமானது என்று மற்றவர்களுக்குத் தோன்ற வேண்டும். நையை மேற்கோள் காட்டுகிற பலர் ஊற்றுகளைச் சொல்கிறார்கள், நிபந்தனைகளை விட்டுவிடுகிறார்கள். இந்த நிபந்தனைகள் எவ்வளவு முக்கியம் என்பதைத் தென் கொரியாவின் கடந்த முப்பது ஆண்டுகள் தெளிவாகக் காட்டுகின்றன. அதனால் பதிலை அங்கேயே வைத்துக்கொள்கிறேன்.

கொரியாவில் கதை பணத்தில்தான் தொடங்கியது. 1994-இல் அதிபர் கிம் யோங்-சாமிடம் அறிவியல் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. "ஜுராசிக் பார்க்" என்ற ஒரே ஒரு ஹாலிவுட் படத்தின் வருமானம், 15 லட்சம் ஹூண்டாய் கார்களை ஏற்றுமதி செய்வதற்குச் சமம் என்று அதில் ஒரு கணக்கு இருந்தது. கார், கப்பல், எஃகு என்று வியர்வை சிந்தி முன்னேறிய நாட்டுக்கு அது பெரிய அதிர்ச்சி. அதே ஆண்டு பண்பாட்டு அமைச்சகத்தில் பண்பாட்டுத் தொழில்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்கள். மறு ஆண்டு, சர்க்கரையும் மாவும் விற்றுக்கொண்டிருந்த சி.ஜே. நிறுவனம் ஸ்பீல்பெர்க்கின் டிரீம்வொர்க்ஸில் 30 கோடி டாலர் முதலீடு செய்தது. கொரியப் பாட்டும் படமும் தொடரும் உலகெங்கும் பரவிய "கொரிய அலை" பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, "பார்த்தீர்களா, அரசு திட்டம் போட்டது, நடந்தது" என்று முடித்துவிடுவார்கள்.

என் கருத்தில் 1994-ஐவிட 1996 முக்கியமான ஆண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ராணுவ ஆட்சிக் காலம் முழுக்க கொரியாவில் பாடலோ படமோ வெளிவரும் முன் தணிக்கைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். 1987-இல் மக்கள் போராடி ஜனநாயகத்தைப் பெற்ற பிறகும் அந்தக் குழு போகவில்லை. நாட்டார் இசைப் பாடகர் ஜொங் டே-சுன் ஒப்புதல் வாங்காமலே இசைத்தொகுப்புகளை வெளியிட்டு, வழக்குகளைச் சந்தித்து, ஆண்டுக்கணக்கில் இதை எதிர்த்தார். 1995-இல் இளைஞர்களின் நாயகனாக இருந்த சோ தைஜியின் குழு, மூத்த தலைமுறையின் பொய்மையைச் சாடும் ஒரு பாட்டை எழுதியது. வரிகளை மாற்றச் சொன்னது தணிக்கைக் குழு. அவர்கள் மாற்றவில்லை. வரிகள் முழுவதையும் எடுத்துவிட்டு வெறும் இசையாகவே வெளியிட்டார்கள். ஒரு சொல்கூட இல்லாத அந்தப் பாட்டு, தணிக்கை என்றால் என்ன என்பதை லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் புரியவைத்தது. ரசிகர்கள் திரண்டார்கள். 1996-இல் பாடல்களுக்கான முன் தணிக்கை ஒழிந்தது. அதே ஆண்டு அக்டோபரில், படங்களை வெளியீட்டுக்கு முன்பே தணிக்கை செய்வது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் பூசான் சர்வதேசத் திரைப்பட விழா முதல்முறையாக நடந்திருந்தது.

இந்த மூன்றும் நடக்காமல் இருந்திருந்தால், பண்பாட்டுத் தொழிலுக்கு எத்தனை கோடி ஒதுக்கியிருந்தாலும், வெளியே வந்திருப்பவை அரசுக்குப் பிடித்த வரலாற்றுப் படங்களாகத்தான் இருந்திருக்கும்.

1998 பிப்ரவரியில் கிம் டே-ஜுங் அதிபரானார். 1980-இல் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்து, உலக நாடுகளின் அழுத்தத்தால் உயிர் தப்பியவர் அவர். பதவிக்கு வந்தபோது நாடு ஐ.எம்.எஃப். என்ற சர்வதேச நாணய நிதியத்தின் கடனில் தத்தளித்தது. கலைத் துறையில் அவர் வைத்த கொள்கை இது: ஆதரவு கொடுப்போம், தலையிட மாட்டோம். 1999-இல் பண்பாட்டுத் தொழில்களுக்கான அடிப்படைச் சட்டம் வந்தது. 2001-இல் படைப்பாக்கத் துறைக்கான நிறுவனமும், கொரிய இலக்கியத்தைப் பிற மொழிகளுக்குக் கொண்டுபோகும் மொழிபெயர்ப்பு நிறுவனமும் வந்தன. நாடு முழுக்க அதிவேக இணையம் போடப்பட்டது. அவர் எடுத்த இன்னொரு முடிவுக்குத்தான் துணிச்சல் அதிகம் தேவைப்பட்டது. 35 ஆண்டுகள் கொரியாவை ஆண்ட ஜப்பானின் பாட்டுக்கும் படத்துக்கும் அதுவரை கொரியாவில் தடை இருந்தது. 1998 அக்டோபர் முதல் படிப்படியாக அதை நீக்கினார். ஜப்பானியப் படங்களும் கார்ட்டூன்களும் வந்து எங்கள் கலைஞர்களை விழுங்கிவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. ஐந்தே ஆண்டுகளில் காற்று எதிர்த்திசையில் வீசியது.

2003-இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. தன் செயற்கைக்கோள் அலைவரிசையில் "விண்டர் சொனாட்டா" என்ற கொரியத் தொடரை ஒளிபரப்பியது. வரவேற்பைப் பார்த்து 2004-இல் பொது அலைவரிசைக்கும் கொண்டுவந்தது. மென்மையான ஒரு காதல் கதை, அவ்வளவுதான். ஆனால் அதில் விழுந்தவர்கள் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய ஜப்பானியப் பெண்கள். நாயகன் பே யோங்-ஜுன் டோக்கியோவுக்கு வந்தபோது விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். படப்பிடிப்பு நடந்த நாமி தீவுக்குக் கூட்டம் கூட்டமாகப் பயணம் போனார்கள், கொரிய மொழி வகுப்பில் சேர்ந்தார்கள். காலனி ஆட்சியின் மிச்சமாகக் கொரியர்களைத் தாழ்வாகப் பார்க்கும் வழக்கம் ஊறிப்போயிருந்த ஒரு சமூகத்தில், கொரியரை மதிக்கவும் நேசிக்கவும் ஒரு தலைமுறைப் பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே கற்றுக்கொண்டார்கள். எந்தத் தூதராலும் செய்ய முடியாத வேலை இது. மென் ஆற்றல் என்பதை ஒரே காட்சியில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அதற்காக இரண்டு அரசுகளும் நண்பர்களாகிவிடவில்லை. காலனிக் காலத்தில் கட்டாய வேலை வாங்கப்பட்டவர்களுக்கு ஜப்பானிய நிறுவனங்கள் இழப்பீடு தர வேண்டும் என்று 2018 அக்டோபரில் கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜூலையில் ஜப்பான், சிப் தயாரிப்புக்குத் தேவையான வேதிப்பொருள்களைக் கொரியாவுக்கு அனுப்பக் கட்டுப்பாடு விதித்தது. கொரியாவில் ஜப்பானியப் பொருள் புறக்கணிப்பு தொடங்கியது. அரசுகள் முட்டிக்கொண்ட அதே காலத்தில் ஜப்பானிய இளைஞர்கள் கொரியப் பாட்டு கேட்பதை நிறுத்தவில்லை. மறு ஆண்டு அங்கே நெட்ஃபிளிக்ஸில் கொடிகட்டிப் பறந்ததும் ஒரு கொரியத் தொடர்தான். பண்பாடு மனிதர்களிடம் வேலை செய்கிறது, மெதுவாகச் செய்கிறது. அரசுகளின் முடிவை அது உடனே மாற்றும் என்று எதிர்பார்ப்பது தவறு.

சீனா விஷயத்தில் எல்லை இன்னும் பளிச்சென்று தெரிந்தது. 2016 ஜூலையில் தாட் என்ற அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பைத் தன் மண்ணில் நிறுவ சியோல் ஒப்புக்கொண்டது. சீனாவுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த சில மாதங்களில் சீனத் தொலைக்காட்சிகளில் கொரிய நடிகர்கள் காணாமல் போனார்கள். இசை நிகழ்ச்சிகள் ரத்தாயின. அந்த அமைப்பை நிறுவ இடம் கொடுத்த கொரிய நிறுவனமான லோட்டேயின் சீனக் கடைகள் தீயணைப்புப் பாதுகாப்புக் குறை என்று சொல்லி வரிசையாக மூடப்பட்டன. கொரியாவுக்கு வந்த சீனப் பயணிகள் 2016-இல் 80 லட்சம் பேர், 2017-இல் சுமார் 42 லட்சம் பேர். தடை என்று ஒன்று இருப்பதாகவே பெய்ஜிங் ஒப்புக்கொள்ளவில்லை. கோடிக்கணக்கான சீன ரசிகர்களின் அன்பு ஒரு அரசாணைகூட இல்லாமல் தடுத்து நிறுத்தப்பட்டது. கதவைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் உள்ளவர் வேறொருவராக இருக்கும்போது மென் ஆற்றலுக்கு இதுதான் நிலை.

நம் பக்கத்திலும் பார்க்கலாம். ஹூண்டாய் 1996-இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-இல் சான்ட்ரோ சாலையில் ஓடியது. சாம்சங் 2007-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது. அப்போதெல்லாம் தமிழ்நாட்டில் கொரிய நாடகம் என்றால் யாருக்கும் தெரியாது. நிலம், துறைமுகம், தொழிலாளர், அரசுச் சலுகை ஆகியவற்றைப் பார்த்து வந்த முதலீடு அது. தொடர்கள் பிறகுதான் வந்தன. புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் பேசவைத்து ஒளிபரப்பியதும், இலங்கையில் ரூபவாஹினி "டே ஜாங் கும்" தொடரைச் சிங்களத்தில் கொடுத்து நாட்டையே உட்கார வைத்ததும் 2010-களில். இன்று சென்னையில் காசு கட்டிக் கொரிய மொழி படிக்கிற பிள்ளைகளில் பலர் தொடர்கள் வழியாக வந்தவர்கள். தொழிற்சாலை கொண்டுவராத நெருக்கத்தைத் தொடர் கொண்டுவந்திருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு ஐந்து வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்த நெருக்கம் எந்தப் பக்கத்துக்கும் உதவவில்லை. அங்கே பேசப்பட்டவை சம்பளமும் சட்டமும்தான்.

இனி இந்தப் பதிலின் மையத்துக்கு வருகிறேன்.

2014 ஏப்ரல் 16 அன்று சேவோல் என்ற பயணிகள் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிச் சுற்றுலா போன மாணவர்கள். அரசின் மீட்புப் பணி படுதோல்வி. அதைப் பற்றி எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படத்தை அந்த ஆண்டு பூசான் விழா திரையிட்டது. திரையிட வேண்டாம் என்று பூசான் மேயர் சொன்னதை விழாக் குழு ஏற்கவில்லை. அதன்பின் விழாவின் கணக்குவழக்குகள் மீது விசாரணை, மத்திய உதவித்தொகை வெட்டு, விழா இயக்குநர் வெளியேற்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. 2016 விழாவைத் திரைத்துறை அமைப்புகள் பல புறக்கணித்தன. அந்த அக்டோபரில்தான் பெரிய உண்மை வெளியே வந்தது. அதிபர் பார்க் கியுன்-ஹேயின் அரசு 9,473 கலைஞர்களின் பெயரைக் கறுப்புப் பட்டியலில் வைத்திருந்தது. சேவோல் விவகாரத்தில் அரசை எதிர்த்த அறிக்கையில் கையெழுத்திட்டவர், எதிர்க்கட்சி வேட்பாளரை ஆதரித்தவர் என்று பலரும் அதில் இருந்தார்கள். அரசு நிதி இவர்களுக்குப் போகக் கூடாது என்பது உத்தரவு. 2017 ஜனவரியில் அதிபரின் முன்னாள் தலைமைச் செயலரும் பண்பாட்டு அமைச்சரும் இதற்காகக் கைதானார்கள். கலைத் துறைக்குப் பணம் கொடுக்கும் அமைச்சகத்தின் தலைவரே கலைஞர்களை ஒடுக்கிய குற்றச்சாட்டில் சிறைக்குப் போனார்.

அரசின் வேண்டாதவர் பட்டியலில் பேசப்பட்ட சில பெயர்களைப் பாருங்கள். இயக்குநர் பொங் ஜூன்-ஹோ. இயக்குநர் பார்க் சான்-வுக். நடிகர் சோங் காங்-ஹோ. எழுத்தாளர் ஹான் காங். 2019-இல் பொங்கின் "பாரசைட்" கான் விழாவின் உயரிய விருதை வென்றது. 2020 பிப்ரவரியில் நான்கு ஆஸ்கர்களை வாங்கியது. ஆங்கிலம் அல்லாத படம் ஒன்று சிறந்த படத்துக்கான விருது பெற்றது அதுவே முதல்முறை. அதன் நாயகன் சோங் காங்-ஹோ. ஹான் காங் 2016-இல் சர்வதேச புக்கர், 2024-இல் இலக்கிய நோபல். பொங் ஜூன்-ஹோ படித்தது அரசு நடத்தும் கொரியத் திரைப்படக் கலைக்கழகத்தில். ஒரு காலத்து அரசு அவருக்குப் பயிற்சி கொடுத்தது, இன்னொரு காலத்து அரசு அவரைத் தள்ளிவைக்கப் பார்த்தது. பள்ளிக்கூடம் அமைப்பது, மொழிபெயர்ப்புக்குப் பணம் கொடுப்பது, விழா நடத்த உதவுவது வரை அரசின் கை நல்ல கை. எதைச் சொல்லலாம் என்று தீர்மானிக்கத் தொடங்கினால் அதே கை கெடுக்கிறது.

இந்தப் படைப்புகள் கொரியாவைப் பற்றி என்ன சொல்கின்றன என்றும் பார்க்க வேண்டும். "பாரசைட்"டில் வருவது பாதி மண்ணுக்குள் புதைந்த வீடு. மழை பெய்தால் கழிவுநீர் உள்ளே வரும். 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் சியோலில் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் நிஜமாகவே மூழ்கி இறந்தார்கள். "ஸ்க்விட் கேம்" தொடரின் நாயகன் கார் தொழிற்சாலையில் வேலை இழந்தவன். 2009-இல் பியோங்டெக்கில் சங்யோங் கார் நிறுவனம் ஆயிரக்கணக்கானோரை வேலையைவிட்டு அனுப்ப முடிவெடுத்ததும், தொழிலாளர்கள் 77 நாள் ஆலைக்குள்ளேயே இருந்து போராடியதும், காவல் துறை அவர்களை அடித்து வெளியேற்றியதும் அந்தப் பாத்திரத்தின் பின்னணி. இயக்குநர் ஹ்வாங் டோங்-ஹ்யுக் இதைத் தானே சொல்லியிருக்கிறார். இரண்டும் தங்கள் நாட்டின் அசிங்கத்தைக் காட்டுகின்றன. பார்த்த உலகம் கொரியாவை வெறுக்கவில்லை. கடன், வாடகை, வேலையின்மை எல்லாம் சென்னையிலும் சாவ் பாவ்லோவிலும் அதேதான். இவ்வளவு நேர்மையாகத் தன்னைப் பார்க்கிற நாடு என்று மதிப்புதான் கூடியது. ஒரு விளம்பரத் துறை உட்கார்ந்து யோசித்தால் ஒருநாளும் இந்தக் கதைகளைத் தேர்ந்தெடுத்திருக்காது.

எதிர்ப்பக்க உதாரணமும் சியோலில்தான் தொடங்கியது. சீன அரசின் முதல் கன்ஃபூஷியஸ் கல்வி நிலையம் 2004 நவம்பரில் அங்கே திறக்கப்பட்டது. மொழி, ஓவியம், தேநீர், தற்காப்புக் கலை என்று கற்றுத்தந்தது. சீனப் பண்பாட்டின் செல்வத்துக்குக் குறைவே இல்லை. பணத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் தைவான், திபெத், தியானன்மென் பற்றி வாய் திறக்க முடியாத இடமாக அது பார்க்கப்பட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 2019 வாக்கில் நூறு அளவில் இருந்தவை 2023-க்குள் ஐந்துக்கும் கீழே குறைந்தன. அமெரிக்க அரசின் அழுத்தமும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனாலும் அந்த நிலையங்களைக் காப்பாற்ற மாணவர்கள் யாரும் தெருவில் இறங்கவில்லை என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

2024 டிசம்பரில் நடந்தது எல்லாவற்றையும் இரண்டே வாரத்துக்குள் சேர்த்துக் காட்டியது. நோபல் பெற ஹான் காங் ஸ்டாக்ஹோம் போக வேண்டிய நேரம் அது. அவர் குவாங்ஜுவில் பிறந்தவர். 1980 மே மாதம் அந்த ஊரில் ராணுவச் சட்டத்தை எதிர்த்தவர்களைப் படைகள் சுட்டுக் கொன்றதைப் பற்றி ஒரு நாவல் எழுதியவர். டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக்-யோல் நாடு முழுக்க ராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்றத்துக்குள் படையினர் நுழைந்தார்கள். பொதுமக்கள் ஓடிவந்து வாசலில் குறுக்கே நின்றார்கள். உறுப்பினர்கள் சிலர் சுவரேறிக் குதித்து உள்ளே போனார்கள். வந்துசேர்ந்த 190 பேரும் ஒருமனதாக வாக்களித்து அந்த அறிவிப்பை முறியடித்தார்கள். மூன்று நாள் கழித்து ஸ்டாக்ஹோமில் செய்தியாளர்கள் முன் உட்கார்ந்த ஹான் காங், நாவலுக்காகத் தான் ஆராய்ந்த அதே ராணுவச் சட்டம் 2024-இல் திரும்பி வந்ததைப் பார்த்து அதிர்ந்ததாகச் சொன்னார். அடுத்த நாள் தன் நோபல் உரையில், கடந்த காலம் நிகழ்காலத்துக்கு உதவ முடியுமா, இறந்தவர்கள் வாழ்பவர்களைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டார். 14-ஆம் தேதி பதவி நீக்கத் தீர்மானத்தின்போது எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் அதே கேள்வியை அவையில் எழுப்பி, 1980-இல் இறந்தவர்கள் 2024-ஐக் காப்பாற்றினார்கள் என்ற பொருளில் பேசினார். 204 வாக்குகளோடு தீர்மானம் நிறைவேறியது.

வெளியே இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டிருந்தார்கள். இசை நிகழ்ச்சிகளில் தங்கள் அபிமானக் குழுவுக்காக அசைக்கும் வண்ண ஒளிக்கோல்கள் அவர்கள் கையில் இருந்தன. 2007-இல் ஒரு பெண்கள் குழு அறிமுகமானபோது பாடிய பாட்டைப் பாடினார்கள். 2016-இல் ஈஹ்வா மகளிர் பல்கலைக்கழக மாணவிகள் காவல் துறையினர் முன் கைகோத்து நின்று பாடியதிலிருந்து அது போராட்டப் பாட்டாகிவிட்டது. அந்த இரவுகளின் படங்கள் உலகம் முழுக்கப் போயின. கே-பாப் பார்த்துக் கொரியாவை அறிந்திருந்த பிள்ளைகள், ஒரு ஜனநாயகம் தன்னைத் தானே மீட்டுக்கொள்வதை அதே நிறங்களில் பார்த்தார்கள். நை சொன்ன பண்பாடும் விழுமியமும் சேர்ந்து நின்ற இடம் அது. ராணுவச் சட்டம் நின்றிருந்தால் எத்தனை ஆஸ்கர் இருந்தும் கொரியாவின் பெயர் மிஞ்சியிருக்காது.

இப்போது கவலைப்பட வேண்டியது வேறு. "ஸ்க்விட் கேம்" உரிமை முழுவதும் நெட்ஃபிளிக்ஸிடம் இருக்கிறது. உலகமே பார்த்தாலும் கூடுதல் வருமானம் அமெரிக்க நிறுவனத்துக்கே போகும்படிதான் ஒப்பந்தம். கொரியத் திரையரங்குகளுக்கு 2019-இல் 22 கோடிக்கு மேல் டிக்கெட்டுகள் விற்றன, 2024-இல் 12 கோடியைச் சற்றே தாண்டின. 2024 வரவு செலவுத் திட்டத்தில் திரைப்பட விழாக்களுக்கான உதவியை யூன் அரசு ஏறத்தாழ பாதியாக வெட்டியது. பொங் ஜூன்-ஹோவும் பார்க் சான்-வுக்கும் இன்று தரும் பெயர் 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் அவர்களை நம்பிப் பணம் போட்டதன் விளைவு. அப்படி முதல் படத்துக்காகக் காத்திருக்கும் இன்றைய இளம் இயக்குநருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் கொரியாவின் அடுத்த இருபது ஆண்டுப் பெயர் இருக்கும்.